நைனாவின் கார்டியன்

முக்தியார் பத்திரம் ஒன்று எழுதி வைத்துவிட்டால் பிறகு எது வந்தாலும் கவலையில்லை என்று எங்கள் ஆம்பூரில் படித்தவர்கள்கூட நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தன் சார்பில் வாங்க, விற்க, கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம் அது. நைனா அதை அம்மா பேருக்கு எழுதிக் கொடுத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். இப்போது அந்தப் பாயசத்தை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம், நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். ஆனால் அவரும் அம்மாவும் என்னைப் பெற்றவர்கள் இல்லை. பிளேக் வந்த வருஷத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த குழந்தையாக அந்தக் கிறிஸ்தவ வீட்டுக்கு வந்தேன் என்று சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு துளி நினைவும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் பெற்றோர் இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. குழாயடியில் சண்டை வந்தால் மட்டும் யாராவது ஒருத்தி ஞாபகப்படுத்துவாள். நானும் சும்மா விடமாட்டேன். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். மிஷன் பள்ளியில் டீச்சரான பிறகும் அது குறையவில்லை.

நைனா தோல் தரகர். ஒடுகத்தூர், திமிரி பக்கத்துச் சந்தைகளில் உப்புப் போட்ட பச்சைத் தோலை வாங்கி வந்து, ஆம்பூரில் தோல் பதனிடுகிற முதலாளிகளுக்கு விற்றுக் கொடுப்பார். எங்கள் ஊரில் தோல் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். எந்த விரலை எத்தனை முறை அழுத்தினால் என்ன விலை என்பது அந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். துண்டைப் போட்டுவிட்டால் விளையாட்டுக்குக் கையை நீட்டக் கூடாது. வாங்க மனசில்லாமல் கையை நீட்டுகிறவனை மண்டியில் யாரும் மதிக்க மாட்டார்கள். நைனாவின் கை அந்தப் பேச்சில் கெட்டிக்காரக் கை. அதை ஊரே சொல்லும்.

அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தபோதுதான் முக்தியார் யோசனை வந்தது. பத்திரங்களைப் படிக்க முடியவில்லை, கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. நாளைக்குத் தான் படுக்கையில் விழுந்தால் அம்மா யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று அவருக்கு எண்ணம். அம்மாவுக்குத் தன் பேரைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதத் தெரியும், அவ்வளவுதான். என் பள்ளிக்கூடப் பலகையில் ஒரு வாரம் எழுதி எழுதிப் பழகிக்கொண்டாள். ரிஜிஸ்தர் ஆபீசில் அதிகாரி, "சுயபுத்தியோடதான் எழுதித் தர்றீங்களா?" என்று வழக்கப்படி கேட்டார். "புத்தி இருக்கறதாலதாங்க இவ கையில குடுக்கறேன்" என்றார் நைனா. அதிகாரியே சிரித்துவிட்டார்.

இரண்டு மூன்று வருஷம் எல்லாம் சரியாக நடந்தது. அதற்குப் பிறகுதான் நைனா மெல்ல மெல்ல எங்களை விட்டுப் போக ஆரம்பித்தார். கண்ணில் விழுந்த புரையைக் கத்தி வைத்து எடுத்தார்கள், பார்வை திரும்பியது. மனசில் விழுந்ததை எடுக்க யாராலும் முடியவில்லை. முதலில் வீட்டு வழி மறந்தது. பாலாற்றங்கரையில் தோல் பதனிட ஆவாரம்பட்டை குவித்து வைத்திருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, திமிரியிலிருந்து வண்டி வர வேண்டும் என்பார். போய்க் கூட்டி வருவேன். பிறகு ஆட்களை மறந்தார். அம்மாவை "அக்கா" என்று கூப்பிட்டு, "கஞ்சி ஊத்துக்கா" என்பார். என் புடவைத் தலைப்பைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "இதுல கத்தி பட்டுருக்கு. தள்ளிடு" என்று விட்டுவிடுவார். தோலை உரிக்கும்போது கத்தி பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற பழக்கம் அது. முதல் தடவை நான் சிரித்தேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. சாப்பிட்ட பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் துண்டைப் போட்டுக்கொள்வார். அதற்கு அடியில் அவர் விரல்கள் வெறும் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். முகத்தில் ஒரு கவனம் வந்துவிடும். பார்க்க வந்த மண்டிக்காரர்கள் எல்லாம், "வாய்தான் குழறுது, கை தெளிவா இருக்குது. புத்தி எங்கயும் போவல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். நானும்தான் பிடித்துக்கொண்டேன்.

தோல் விலை அடியோடு விழுந்துவிட்ட காலம் அது. தரகு இல்லை, என் சம்பளம் அரிசிக்கே போதவில்லை. ஒடுகத்தூரில் நைனாவுக்கு இருந்த மல்லாட்டைக் கொல்லையை, அந்த வேர்க்கடலை நிலத்தை, விற்கலாம் என்று அம்மா முடிவு செய்தாள். முக்தியார்தான் இருக்கிறதே. வாங்க ஆளும் வந்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, வாங்குகிறவரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னார்: "எங்க அண்ணனுக்குப் புத்தி சரியில்ல. அந்தப் பத்திரம் இப்போ செல்லாது. வாங்கினா அப்புறம் நீங்கதான் பேஜார் படணும்." அவர் பயந்துகொண்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்.

சித்தப்பா கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் கெட்டவர் இல்லை. அண்ணியை ஏமாற்றி யாரோ சொத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்று அவர் நிஜமாகவே நினைத்தார். அதோடு, அண்ணன் போன பிறகு தனக்கு வர வேண்டியதும் போய்விடுமோ என்ற கவலையும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன. அவர் வேலூர் ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டார். அண்ணனுக்குச் சித்த சுவாதீனம் இல்லை, தன்னைக் கார்டியனாக நியமிக்க வேண்டும் என்று மனு. நியமித்தால் அண்ணனை மெட்ராசில் இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்ப்பதாகவும் அதில் எழுதியிருந்தார்.

அம்மாவுக்குச் சொத்தெல்லாம் அப்போதே மறந்துவிட்டது. "அங்க கொண்டு போய்க் கட்டிப் போட்டுடுவாங்கடி" என்று அன்று முழுவதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நைனா மடியில் துண்டோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அந்தச் சுவரோரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஜட்கா வண்டி. அப்படித்தான் வேலூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். நிதானமான மனிதர். பத்திரத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடித்து அம்மா பக்கம் நகர்த்தினார்.

"அம்மா, அவருக்குப் புத்தி தெளிவா இருக்கற வரைக்கும்தான் இதுக்கு உசிரு. அவர் தன் அதிகாரத்தைத்தான் உங்ககிட்ட குடுத்திருக்கார். அவருக்கே அது இல்லாம போயிட்டா, உங்களுக்கும் இல்ல."

அம்மாவுக்குப் புரியவில்லை. "புத்தி போற நாளுக்காவதானே எழுதினாரு? நல்லா இருந்தா அவரே போட்டுப்பாரே கையெழுத்து?"

வக்கீல் மறுத்துத் தலையாட்டினார். "எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. அந்த நாளுக்குப் பத்திரம் கிடையாது. அதுக்குக் கோர்ட்டுதான். கோர்ட்டு ஒரு கார்டியனைப் போடும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழைக்காலத்துக்கென்று வாங்கிய குடை மழை வந்தால் செல்லாது என்கிற மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போன பிறகு, முக்தியார் வைத்திருப்பவரைத் தட்டிக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆனாலும் கோபம் இருந்தது.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, நைனாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று கோர்ட்டில் காட்ட வேண்டும்; அப்போது முக்தியாரும் பிழைக்கும், மனுவும் தள்ளுபடியாகும். முடியாவிட்டால் கார்டியன் யார் என்பதில் போராட வேண்டும். அம்மா முதல் வழியைப் பிடித்தாள். துண்டுதான் இருக்கிறதே.

மண்டி சாயபு நைனாவின் பாலியத் தோழர். ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர். "என் தோஸ்த் கையை ஜட்ஜ் முன்னாடி பேச வெச்சுக் காட்டறேன்" என்று தானாகவே வந்தார். முன்னதாக ஒருமுறை வீட்டில் பரீட்சை பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லி அனுப்பினார். சாயபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாங்கற எண்ணம் இல்லாம துண்டு போடறதா? அதுவும் இந்தக் கைகிட்டயா? அந்த மாதிரி வேலை நான் செஞ்சதில்ல, செய்யவும் மாட்டேன்" என்றார். கோர்ட்டில் காட்டும் தோலை நிஜமாகவே விலைக்கு வாங்கிக்கொள்வதாக இருந்தார் அவர். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. தோல் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது நியாயமாகப் பட்டிருக்கும்.

கோர்ட்டில் ஜட்ஜ் நைனாவைத் தமிழிலேயே விசாரித்தார். குரலில் அதிகாரம் இல்லை, மரியாதை இருந்தது. பேர் கேட்டார், நைனா சரியாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. எந்த ஊர் என்று கேட்டார், அதையும் சொன்னார். அம்மாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். "எங்க அக்கா. கட்டிக் குடுத்து அனுப்பிட்டோம், வந்திருக்குது" என்றார் நைனா. ஜட்ஜ் என்னைக் காட்டினார். நைனா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெரியாதவர்களிடம் சிரிக்கிற மாதிரி சிரித்தார்.

அதற்குள் வக்கீல் எழுந்து துண்டு விஷயத்தைச் சொன்னார். ஜட்ஜுக்கும் அதைப் பார்க்க ஆசை வந்திருக்க வேண்டும், அனுமதித்தார். சாயபு ஒரு ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்ததும் குமாஸ்தாக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். தோலைத் தடவினார், ஓரத்தை மடித்துப் பார்த்தார், திருப்பிப் போட்டு முதுகுப் பக்கத்தை விரலால் நீவினார். பல மாதமாக நான் பார்க்காத முகம் அது. கையை நீட்டினார். சாயபு துண்டைப் போட்டார். துண்டு அசைந்தது. நைனா தலையை ஆட்டினார், மறுத்தார், மறுபடியும் விரலை அழுத்தினார். மூக்கைப் பொத்தியிருந்த குமாஸ்தாக்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பாகூட ஒரு நிமிஷம் அண்ணனைப் பெருமையாகப் பார்த்ததை நான் பார்த்தேன்.

துண்டை எடுத்தபோது சாயபுவின் முகம் செத்துப் போயிருந்தது.

"என்ன சொல்றார்?" என்றார் ஜட்ஜ்.

சாயபு துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். துண்டுக்குள் நடந்தது வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் சத்தியம் செய்த சாட்சியாக நின்றிருந்தார் அவர். துண்டு போட்ட பிறகு விலையை மாற்றிச் சொல்வதும் அவருக்குப் பழக்கமில்லை.

"ஜெர்மன் சண்டை காலத்து ரேட்டு சொல்றாருங்க. பட்டாளத்துக்கு பூட்ஸ் தெச்சாங்களே, அப்போ இருந்த ரேட்டு. கொஞ்சம் கம்மி பண்ணுன்னு அழுத்தினேன். 'கப்பல் நிக்குது, சீக்கிரம்'னு அழுத்தறாரு." சொல்லிவிட்டு அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நைனா இன்னும் கையை நீட்டியபடியே இருந்தார். பேரம் முடியவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. இத்தனை நாளாக மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சண்டை முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அங்கே அவருக்கு அம்மா இன்னும் சின்னப் பெண்ணா, நான் எத்தனை வயதுக் குழந்தை, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அன்று நான் அழுத மாதிரி அதற்கு முன் அழுததில்லை.

சித்த சுவாதீனம் இல்லை என்று அன்றே முடிவாயிற்று. முக்தியார் பத்திரம் வெறும் காகிதமானது. இனிக் கார்டியன் யார் என்பதுதான் கேள்வி. அடுத்த வாய்தாவுக்கு அம்மா தன்னையே போட வேண்டும் என்று மனுக் கொடுத்தாள். மனைவியை விட்டு வேறு யாரைப் போடுவார்கள் என்று நாங்கள் தைரியமாகவே போனோம்.

ஜட்ஜ் இரண்டு மனுவையும் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். இவர் இறந்துபோனால் சொத்து யாருக்கு? இரண்டு வக்கீலும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பிள்ளை இல்லாத கிறிஸ்தவர். பாதி மனைவிக்கு, மற்றது தம்பிக்கு. அப்படியானால் இரண்டு பேருமே வாரிசு என்றார் ஜட்ஜ். சொத்தைப் பார்த்துக்கொள்ள மனைவியை மேனேஜராகப் போடத் தடையில்லை. ஆனால் ஆளைப் பார்த்துக்கொள்ளும் கார்டியனாக வாரிசைப் போடுவதைச் சட்டம் விரும்பவில்லை. தகுந்த காரணம் எழுதினால்தான் போடலாம். சண்டை போட்டுக்கொண்டு இரண்டு வாரிசு எதிரெதிரே நிற்கும்போது அப்படி எழுதத் தனக்கு மனமில்லை. "இவர் செத்தால் ஒன்றும் கிடைக்காத ஆள் யாராவது உண்டா?" என்று கேட்டார். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். மத்தியானம் வரை நேரம் கொடுத்தார்.

வராந்தாவில் வக்கீல் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னார். அம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "நான் சோத்துல விஷம் வெச்சுடுவேன்னு சொல்றாங்களாடி?" வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவைச் சொல்லவில்லை, யாரோ ஒரு கெட்டவளை மனசில் வைத்து எழுதிய சட்டம் என்று நான் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கையைப் பார்த்துத்தான் சட்டம் சந்தேகப்பட்டது.

பிறகு வக்கீல் என் பக்கம் திரும்பினார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கிறிஸ்தவர்களுக்குச் சட்டத்தில் தத்து கிடையாது. என்னை வளர்த்தார்கள், அவ்வளவுதான். சட்டப்படி நான் மகள் இல்லை. நைனா எனக்கென்று உயில் எதுவும் எழுதவில்லை. அவர் போனால் எனக்கு ஒரு செம்புப் பாத்திரம்கூட வராது. "நீங்க அவருக்கு யாருமில்லன்னு கூண்டுல ஏறிச் சொன்னா, அவரை வீட்டுலயே வெச்சுக்கலாம்."

"வேணாம்" என்றாள் அம்மா உடனே. "அந்த வார்த்தைய அது சொல்லக் கூடாது."

நான் நைனாவைப் பார்த்தேன். வராந்தா ஓரத்தில் சாயபு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயபு வாங்கி உரித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் யார் உரித்துக் கொடுப்பார்கள்? சொல்கிறேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அம்மா அதற்குப் பிறகு கோர்ட் முடியும்வரை என்னிடம் பேசவில்லை.

கூண்டில் ஏறிவிட்டால் டீச்சருக்கும் "நீ"தான். சித்தப்பாவின் வக்கீல் எழுந்தார். அவருக்கு வேண்டியது நான் மகள் என்று காட்டுவது. மகள் மாதிரி என்றால் உள்ளூர எனக்கும் சொத்தில் ஆசை உண்டு, நான் அம்மாவின் ஆள் என்று ஆகிவிடும். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு அந்நிய மனிதர் அத்தனை பேர் முன்னால் நான் அவர் மகள்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். இல்லை என்று நான் சாதிக்க வேண்டியிருந்தது.

"உன்னை வளர்த்தது யார்?"

"இவர்."

"படிக்க வைத்தது?"

"இவர்தான்."

"நீ இவரை என்னவென்று கூப்பிடுகிறாய்?"

"நைனா என்று."

"அப்படியானால் நீ இவருக்கு மகள்."

"இல்லை."

"கூப்பிடுவது அப்பா என்று, உறவு இல்லையா?"

"கூப்பிடுவது பழக்கம். உறவு இல்லை."

"உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் யார்? உன் சித்தப்பாவே சொல்கிறாரே?"

சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. அவருக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்கு இல்லை. அந்தக் கூண்டில் நின்றுதான் அதை முதலில் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன். அது உண்மை.

கடைசியில் ஜட்ஜே கேட்டார். "ரெக்கார்டுக்காகக் கேட்கிறேன். ரத்த உறவோ, கல்யாண உறவோ, சட்டம் ஒப்புக்கொள்ளும் வேறு உறவோ உண்டா? தெளிவாகச் சொல்லுங்கள்." அவர் ஒருவர்தான் என்னை "நீங்கள்" என்றார்.

"நான் இவருக்கு யாரும் இல்லை. எனக்கும் யாரும் இல்லை" என்றேன். இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. குமாஸ்தா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஜட்ஜ் உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள். சொத்துக்கு அம்மா மேனேஜர், வருஷா வருஷம் கோர்ட்டுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு நான் கார்டியன். சம்பந்தமில்லாத மூன்றாம் மனுஷி, நல்லொழுக்கம் உள்ளவள், பள்ளி ஆசிரியை. எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கூண்டை விட்டு இறங்கி அங்கேயே நின்றேன்.

அப்போது நைனா எழுந்தார். சாயபு பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆள் இன்னும் பலசாலிதான். நேரே அம்மாவிடம் போய்க் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கேட்டியா? அந்தப் பொண்ணுக்கு யாரும் இல்லியாம். பாவம், நின்னுனு கிடக்குது. நம்ம வூட்டுக்குக் கூட்டினு போயிடலாம்மே."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். சித்தப்பா எழுந்து வெளியே போனார். நைனா என்னிடம் வந்து கையைப் பிடித்தார். பயப்படாதே, வண்டி வெளியில் இருக்கிறது என்றார். கோர்ட் என்னிடம் அவரை ஒப்படைத்திருந்தது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு படிக்கும், "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வெளியில் வெயில் கொளுத்தியது. அம்மாவும் சாயபுவும் ஜட்கா பேசப் போனார்கள். புளியமரத்து நிழலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் என் கையை விடவில்லை.

"உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"நல்ல பேரு. யாரு வெச்சது?"

"எங்க நைனா" என்றேன்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாதே என்பதுபோலக் கேட்டார்.

"அவரு எங்கம்மா போய்ட்டாரு?"